படத்தில் எத்தனை முக்கோணம்? விட்டுப்போகாமல் எண்ணும் முறை

போட்டித் தேர்வுகளில் நான்-வெர்பல் ரீசனிங் (சொற்கள் இல்லாமல் படங்களை வைத்து யோசிக்கும் கேள்விகள்) பகுதியில் ஒரு படத்தைக் கொடுத்து "இதில் எத்தனை முக்கோணங்கள் உள்ளன?" என்று கேட்பார்கள். கீழே 12, 14, 16, 18 என்று நான்கு விடைகள் இருக்கும். பார்த்தவுடன் சுலபமாகத் தெரியும், அரை நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் எண்ணத் தொடங்கினால் முதல் தடவை 13 வரும், மறுபடி எண்ணினால் 15 வரும், மூன்றாவது தடவை வேறு ஏதோ வரும், கடைசியில் நடுவில் இருப்பதைக் குத்துமதிப்பாகக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோடுகளுக்கு நடுவே இருக்கும் சின்னத் துண்டுகள் கண்ணுக்குத் தானாகத் தெரியும், இரண்டு மூன்று துண்டுகள் சேர்ந்து உருவாகும் முக்கோணம் தேடினால்தான் கிடைக்கும். தேடுவதற்கு ஒரு வரிசை இல்லையென்றால் ஒன்றை இரண்டு தடவை எண்ணுவோம், இன்னொன்றை விட்டுவிடுவோம். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது மாறாது. வரிசை ஒன்றுதான் மாற்றும். அந்த வரிசையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன், தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் வரைந்துகொண்டே படியுங்கள், சும்மா படித்தால் மனதில் நிற்காது.

எதை எண்ணலாம்

முதலில் விதி. ஒரு வடிவத்தின் வெளிப்பக்கங்கள் எல்லாம் படத்தில் வரைந்திருக்கும் கோடுகளின் மேல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே எத்தனை கோடு குறுக்கே ஓடினாலும் பரவாயில்லை. மூன்று நேர்கோடுகள் சுற்றி அடைத்திருந்தால் அது முக்கோணம், உள்ளே பத்துத் துண்டுகள் இருந்தாலும் அது ஒரு முக்கோணம்தான்.

இன்னொன்று, பக்கம் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது சேரும் இடத்தில் கோடு லேசாக மடங்கினால்கூட அது நாற்கரமாகிவிடும், முக்கோணம் இல்லை. தவறாகக் கூடுதலாக எண்ணுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

துண்டுகளுக்கு எண் போடுங்கள்

ஒரு சதுரம் வரைந்து இரண்டு மூலைவிட்டங்களையும் போடுங்கள். நான்கு துண்டுகள் கிடைக்கும், 1, 2, 3, 4 என்று சுற்றி எண் போட்டுவிடுங்கள். இப்போது ஒரு துண்டால் ஆன முக்கோணங்கள் 4. இரண்டு துண்டுகளால் ஆனவை 1-2, 2-3, 3-4, 4-1 என்று இன்னொரு 4. எதிரெதிராக இருக்கும் 1-3 மையத்தில் மட்டும் தொட்டுக்கொள்கிறது, அது சேராது. மூன்று துண்டு சேர்ந்தால் முக்கோணம் வராது, நான்கும் சேர்ந்தால் சதுரம். ஆக 8.

இதுதான் முழு முறையும். ஒரு துண்டு, இரண்டு துண்டு, மூன்று துண்டு என்று ஏறுவரிசையில் போங்கள், ஒவ்வொரு படியிலும் எத்தனை வந்தது என்று ஓரமாக எழுதிக்கொள்ளுங்கள், எழுதாமல் மனதில் கூட்டிக்கொண்டே போக வேண்டாம்.

இப்போது அதே சதுரத்தில் நடுவே ஒரு படுக்கைக்கோடும் ஒரு நெடுக்குக்கோடும் சேர்த்துப் போடுங்கள். தேர்வுகளில் அடிக்கடி வரும் படம் இது. எட்டுத் துண்டுகள். மேல் இடது மூலையிலிருந்து தொடங்கி, கடிகார முள் போகும் திசையில் 1 முதல் 8 வரை எண் போடுங்கள். மேல் பக்கத்தில் 1, 2 இருக்கும், வலப் பக்கத்தில் 3, 4, கீழே 5, 6, இடப் பக்கத்தில் 7, 8.

ஒரு துண்டு: 8. இரண்டு துண்டு: 1-2 சேர்த்தால் முக்கோணம், ஆனால் 2-3 சேர்த்தால் வலது மேல் மூலையில் இருக்கும் சின்னச் சதுரம். இப்படியே ஒன்றுவிட்டு ஒன்று மாறி வரும், 1-2, 3-4, 5-6, 7-8 என்று 4 முக்கோணங்கள். மூன்று துண்டு: எதைச் சேர்த்தாலும் நாற்கரம்தான். நான்கு துண்டு: ஒரு மூலைவிட்டத்தால் சதுரத்தைப் பாதியாக வெட்டினால் 1-2-3-4 ஒரு பாதி, 5-6-7-8 இன்னொரு பாதி. அடுத்த மூலைவிட்டத்தால் வெட்டினால் 3-4-5-6, 7-8-1-2. ஆக 4. மொத்தம் 8 + 4 + 4 = 16. பெரிய பாதிகளை விட்டவர்களுக்கு 12 வரும், அந்த 12ம் விடைகளில் ஒன்றாகத் தவறாமல் இருக்கும்.

இந்தப் படத்தை வைத்து ஒரு நல்ல சரிபார்ப்பு கற்றுக்கொள்ளலாம். தாளைக் கால் சுற்றுத் திருப்பினாலும் படம் அப்படியேதான் இருக்கிறது. அப்படியென்றால் ஒரு முக்கோணம் இருந்தால், திருப்பும்போது அது போய் உட்காரும் மற்ற மூன்று இடங்களிலும் அதே போல முக்கோணம் இருந்தாக வேண்டும். ஒரு வகையில் உங்களுக்கு 3 வந்தால் நிச்சயமாக ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 8, 4, 4 என்று வந்திருப்பதால் நம்பலாம். மொத்தம் 15 என்று வந்தாலே, எங்கே என்று தெரியாவிட்டாலும், தவறு என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்குச் சில வினாடிகள் போதும், எந்தச் சூத்திரத்தையும்விட அதிகமாகக் காப்பாற்றுவது இதுதான் என்பது என் கருத்து.

எல்லையைத் தாண்டிப் பாருங்கள்

இரண்டு சதுரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, இரண்டிலும் மூலைவிட்டங்கள் போடுங்கள். ஒவ்வொன்றிலும் 8, இரண்டும் சேர்ந்து 16 என்று எழுதிவிட்டுப் போகத் தோன்றும். மேல் வரிசைப் புள்ளிகளுக்கு இடமிருந்து வலமாக அ, ஆ, இ என்றும் கீழ் வரிசைக்கு ஈ, உ, ஊ என்றும் பெயர் வையுங்கள். அ-விலிருந்து உ-வுக்கு ஒரு மூலைவிட்டம் போகிறது, உ-விலிருந்து இ-க்கு இன்னொன்று போகிறது, மேலே அ-ஆ-இ ஒரே நேர்கோடு. அ-இ-உ ஒரு பெரிய முக்கோணம்! கீழே ஈ-ஊ-ஆ அதே மாதிரி இன்னொன்று. ஆக 18.

மூன்று சதுரங்கள் ஒட்டியிருந்தால் 24, அதோடு ஒவ்வொரு ஒட்டும் இடத்துக்கும் 2 வீதம் 4, மொத்தம் 28. ஒட்டும் இடம் எங்கே இருந்தாலும் அங்கே ஒரு நிமிடம் நின்று, இரண்டு பக்கத்துக் கோடுகளும் நேராகத் தொடர்கின்றனவா என்று பாருங்கள்.

விசிறி முக்கோணம்

ஒரு பெரிய முக்கோணம், அதன் உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு மூன்று கோடுகள் இறங்குகின்றன, விசிறி மாதிரி. அடிப்பக்கம் நான்கு பாகமாகிவிட்டது. எத்தனை முக்கோணங்கள்?

எல்லா முக்கோணத்துக்கும் உச்சி ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். மாறுவது அடிப்பக்கம் மட்டும். அப்படியானால் நாம் எண்ண வேண்டியது அடிக்கோட்டில் எத்தனை விதமான நீளத்துண்டுகளை எடுக்கலாம் என்பதைத்தான். ஒரு பாகம் 4, அடுத்தடுத்த இரண்டு பாகம் 3, மூன்று பாகம் 2, முழுதும் 1. கூட்டினால் 10. பாகங்களின் எண்ணிக்கையை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தாலும் இதே விடைதான் (4 × 5 = 20, பாதி 10), ஆறு பாகம் என்றால் 21.

சரி, இப்போது நடுவே அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு குறுக்குக்கோடு, இடப் பக்கத்திலிருந்து வலப் பக்கம் வரை. அந்தக் குறுக்குக்கோடும் ஒரு அடிப்பக்கம் மாதிரிதான் வேலை செய்கிறது, அதன் மேல் இன்னொரு 10. மொத்தம் 20. இரண்டு குறுக்குக்கோடுகள் என்றால் 30. குறுக்குக்கோட்டுக்கும் அடிப்பக்கத்துக்கும் இடையில் இருப்பவை நாற்கரங்கள், அவற்றை விட்டுவிடலாம்.

இந்த இடத்தில்தான் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கேள்வி தயாரிப்பவர் குறுக்குக்கோட்டை வலப் பக்கம் வரை கொண்டுபோகாமல் மூன்றாவது பாகத்தோடு நிறுத்திவிடுவார். சூத்திரம் போட்டால் 20, ஆனால் அது தவறு. காரணம் தெரிந்தவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை: முழு அடிப்பக்கத்தின் மேல் 10, குறுக்குக்கோட்டில் மூன்று பாகம்தான் இருக்கிறது, அதன் மேல் 3 + 2 + 1 = 6, மொத்தம் 16.

கோடுகளை வைத்து எண்ணும் வழி

துண்டுகளை எண்ணுவது எல்லாப் படத்துக்கும் உதவும். ஆனால் கோடுகள் குறைவாக இருந்து ஒன்றையொன்று நன்றாக வெட்டிக்கொள்ளும் படங்களில் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. முக்கோணம் என்றால் மூன்று கோடுகள். அதனால் படத்தில் உள்ள கோடுகளில் மூன்று மூன்றாக எத்தனை விதமாக எடுக்கலாம் என்று பார்த்து, அதில் முக்கோணமாகாதவற்றைக் கழித்துவிடலாம்.

ஐந்து முனை நட்சத்திரத்தைக் கையெடுக்காமல் வரையுங்கள். ஐந்தே கோடுகள். ஐந்தில் மூன்றை எடுக்கும் விதங்கள் 5 × 4 × 3 ஐ 6ஆல் வகுத்தால் 10. எந்த இரண்டு கோடும் இணையாக இல்லை, எந்த இரண்டை எடுத்தாலும் படத்துக்குள்ளேயே சந்திக்கின்றன, எந்த மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கவில்லை. ஆகவே கழிக்க எதுவும் இல்லை, 10 முக்கோணங்கள். எண்ணிப் பாருங்கள், முனைகளில் ஐந்து சின்னவை, நடுவில் இருக்கும் ஐங்கோணத்தையும் இரண்டு முனைகளையும் சேர்த்து நீளமாகப் படுத்திருக்கும் பெரியவை ஐந்து. அந்தப் பெரிய ஐந்தைத் துண்டு முறையில் கண்டுபிடிக்க நேரம் ஆகும், கோட்டு முறையில் கணக்கே சொல்லிவிடுகிறது.

அடுத்து, ஒரு முக்கோணத்தில் மூன்று நடுக்கோடுகளும் போட்ட படம். ஒவ்வொரு உச்சியிலிருந்தும் எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு ஒரு கோடு, மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கும். மொத்தம் 6 கோடுகள், மூன்று மூன்றாக எடுக்க 6 × 5 × 4 ஐ 6ஆல் வகுக்க 20. இதில் ஒரே புள்ளியில் சந்திக்கும் மூன்று கோடுகள் முக்கோணமாகாது. ஒவ்வொரு உச்சியிலும் இரண்டு பக்கங்களும் ஒரு நடுக்கோடும் சந்திக்கின்றன, அது 3. உள்ளே மூன்று நடுக்கோடுகளும் சந்திக்கும் புள்ளியில் அந்த மூன்றும், அது 1. ஆக 20 - 4 = 16. துண்டு முறையில் சரிபார்த்தால் ஒற்றை 6, இரட்டை 3, மூன்று துண்டு 6, முழுசு 1, அதே 16. இரண்டு வெவ்வேறு வழியில் ஒரே எண் வந்தால் அதற்கு மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை.

மூன்றுக்குப் பதில் கீழே உள்ள இரண்டு உச்சிகளிலிருந்து மட்டும் ஒவ்வொரு கோடு போயிருந்தால் 5 கோடுகள், 10 விதம், கீழ் மூலைகள் இரண்டிலும் ஒவ்வொன்று கழியும், 8. அதே இரண்டு உச்சிகளிலிருந்தும் இரண்டிரண்டு கோடுகள் போனால் 7 கோடுகள், 35 விதம், கீழ் மூலை ஒவ்வொன்றிலும் நான்கு கோடுகள் சந்திப்பதால் (நான்கில் மூன்றை எடுக்க 4 விதம்) 4 வீதம் 8 கழியும், 27.

எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எடுத்த கோடுகள் படத்துக்குள்ளேயே சந்தித்தாக வேண்டும். நீட்டினால்தான் சந்திக்கும் என்றாலோ, இணைகோடுகள் நிறைய இருந்தாலோ, கோடுகள் ஏழெட்டைத் தாண்டினாலோ கழிப்பதே பெரிய வேலையாகிவிடும், அப்போது பேசாமல் துண்டு முறைக்குத் திரும்பிவிடுங்கள்.

சதுரக் கட்டங்கள்

நான்குக்கு நான்கு கட்டத்தில் எத்தனை சதுரம் என்றால் 16 என்பது முதல் படிதான். இரண்டுக்கு இரண்டு அளவுள்ள சதுரத்தை மேல் இடது மூலையில் வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்துங்கள், குறுக்கே 3 இடம், நெடுக்கே 3 இடம், ஆக 9. மூன்றுக்கு மூன்று 4, முழுசு 1. மொத்தம் 16 + 9 + 4 + 1 = 30. எட்டுக்கு எட்டு சதுரங்கப் பலகையில் இதே வழியில் 204 வரும்.

கட்டம் சதுரமாக இல்லாமல் நான்குக்கு மூன்றாக இருந்தால் 4 × 3 = 12, ஒவ்வொன்று குறைத்து 3 × 2 = 6, மறுபடி 2 × 1 = 2, மொத்தம் 20.

செவ்வகம் கேட்டால் வழி வேறு. ஒரு செவ்வகத்துக்கு இரண்டு நெடுக்குக்கோடு, இரண்டு படுக்கைக்கோடு வேண்டும். நான்குக்கு மூன்று கட்டத்தில் நெடுக்குக்கோடுகள் 5, அதில் இரண்டை எடுக்க 10 விதம். படுக்கைக்கோடுகள் 4, அதில் இரண்டை எடுக்க 6 விதம். பெருக்கினால் 60. இந்த 60ல் சதுரங்களும் அடக்கம், ஏனென்றால் சதுரமும் ஒரு செவ்வகம்தான். சதுரமில்லாத செவ்வகம் என்று தெளிவாகக் கேட்டால் மட்டும் 60 - 20 = 40. கேள்வியை இரண்டு தடவை படியுங்கள் என்று நான் வற்புறுத்துவது முக்கியமாக இந்த ஒரு இடத்துக்காகத்தான்.

இணையத்தில் பல காலமாகச் சுற்றிவரும் ஒரு புதிர் இருக்கிறது: நான்குக்கு நான்கு கட்டம், அதன் மேல் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளை மையமாக வைத்து, ஒரு கட்டத்தின் அளவிலேயே இரண்டு கூடுதல் சதுரங்கள். அடிப்படைக் கட்டத்தில் 30. கூடுதல் சதுரம் ஒவ்வொன்றும் தன்னையும், உள்ளே ஓடும் கட்டக்கோடுகளால் வெட்டுப்பட்ட நான்கு குட்டிச் சதுரங்களையும் தருகிறது, ஒவ்வொன்றுக்கும் 5. ஆக 40. தெரிந்த அடிப்படையை முதலில் எண்ணி முடித்து, புதிதாகச் சேர்ந்த கோடுகள் என்ன தருகின்றன என்பதைத் தனியாக எண்ணுங்கள், எவ்வளவு குழப்பமான படமும் இரண்டு சின்னக் கணக்காகப் பிரிந்துவிடும்.

முக்கோணக் கட்டம்

பெரிய சமபக்க முக்கோணத்தைச் சின்ன சமபக்க முக்கோணங்களாகப் பிரித்திருப்பார்கள். இதில் நிமிர்ந்தவை, தலைகீழானவை என்று இரண்டு கணக்கு உண்டு. பக்கத்துக்கு நான்கு பாகம் என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்தவை: சின்னது 1 + 2 + 3 + 4 = 10, அடுத்த அளவு 6, அதற்கடுத்தது 3, முழுசு 1, ஆக 20. தலைகீழானவை: சின்னது 6, இரண்டு பாக அளவில் ஒன்றே ஒன்று, நட்டநடுவில். ஆக 7. மொத்தம் 27. அந்த ஒற்றைத் தலைகீழ் முக்கோணத்தை விட்டுவிட்டு 26 என்று எழுதுவது சகஜம். ஐந்து பாகம் என்றால் 48, வரைந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்கோடுகள்

எத்தனை நேர்கோடுகளால் படம் வரையப்பட்டிருக்கிறது என்றும் கேட்பார்கள். படுக்கை, நெடுக்கு, சாய்வு என்று மூன்றாகப் பிரித்து எண்ணினால் முடிந்தது. முழு நீளத்துக்கும் நேராகப் போகும் கோட்டை, நடுவே எத்தனை இடத்தில் வெட்டுப்பட்டாலும், ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். நாம் 16 முக்கோணம் எண்ணிய அந்தப் படத்தில் படுக்கை 3, நெடுக்கு 3, சாய்வு 2, ஆக 8.

ஒரு பயிற்சி

அந்த 16 முக்கோணப் படத்தையே மறுபடி எடுத்து, நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணைத்து உள்ளே ஒரு சாய்ந்த சதுரம் போடுங்கள். இப்போது நான்கு சின்னக் கட்டங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் இரண்டு மூலைவிட்டங்கள் ஓடுகின்றன, மொத்தம் 16 துண்டுகள். கீழே படிக்கும் முன் நீங்களே எண்ணிவிடுங்கள்.

ஒரு துண்டு 16. இரண்டு துண்டு, ஒவ்வொரு சின்னக் கட்டத்துக்கும் 4 வீதம், 16. நான்கு துண்டு 8. எட்டுத் துண்டு, பெரிய சதுரத்தின் பாதிகள், 4. மொத்தம் 44. உங்களுக்கு 40 வந்திருந்தால் அநேகமாக நான்கு-துண்டு வரிசையில்தான் குறைந்திருக்கும். வெளிப்பக்கம் நான்கையும் அடிப்பக்கமாக வைத்து, மையத்தை உச்சியாகக் கொண்ட நான்கை எண்ணியிருப்பீர்கள். நடுப் படுக்கைக்கோட்டை அடிப்பக்கமாக வைத்து மேலும் கீழும் இரண்டு, நடு நெடுக்குக்கோட்டை வைத்து இடமும் வலமும் இரண்டு, இந்த நான்கும் சாய்ந்த சதுரத்தின் பாதிகள். பென்சிலால் அவற்றின் ஓரத்தை ஒரு தடவை அழுத்தி வரைந்து பாருங்கள்.